எமக்கில்லாத சுவர்

பெய்ஜிங் போகிற நம்மவர்கள் முதலில் விசாரிப்பது, அங்கிருந்து வீட்டுடன் வட்ஸ்அப்பில் கதைக்கலாமா என்பதைத்தான். கதைக்கலாம். பாரிஸிலோ ரொறன்ரோவிலோ வாங்கிய சிம்மை ரோமிங்கில் விட்டால், தரவு பொதுவாக அந்த நாட்டு வலையமைப்புக்குத் திரும்பிப்போய் அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. சீனச் சுவர் அதனை மறிப்பதில்லை. விடுதியின் வைஃபைக்கு மாறினால்தான் சுவர் தெரியும். முகநூல் 2009இலும் ஜிமெயில் 2014இலும் வட்ஸ்அப் 2017இலும் முடக்கப்பட்டவை. 2019 ஏப்ரலில் விக்கிபீடியா எல்லா மொழிகளிலும் மூடப்பட்டது, தமிழிலும்தான். தமிழ் விக்கிபீடியா வாசித்து அங்கே யார் அரசைக் கவிழ்க்க இருந்தார்களோ!

1987 செப்டெம்பரில் பெய்ஜிங்கிலிருந்து ஜேர்மனியின் கார்ல்ஸ்றூக நகருக்குப் போன மின்னஞ்சல், பெருஞ்சுவரைத் தாண்டி உலகின் எந்த மூலையையும் எட்டலாம் என்று அறிவித்தது. இன்று அந்நகரத்தவர் தடையை மீறி இணையத்தில் உலவுவதைச் 'சுவர் ஏறுதல்' என்கிறார்கள். 1996ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு 15,000 யுவான் வரை தண்டம் விதிக்கலாம். ஒரே மேசையில் தேநீர் குடிக்கும் இருவரில், விருந்தாளிக்குச் சுவரே இல்லை, வீட்டுக்காரருக்கு இருக்கிறது. இது விருந்தாளியின் குற்றமல்ல. ஆனால் அவர் அந்த வசதியை வைத்துக்கொண்டு எப்படி நடக்கவேண்டும்?

சுவரின் உட்பக்கம் எமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை. கொழும்புக்கு வந்து, லொட்ஜில் தங்கி, வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிய தாய்மார் எத்தனை பேர்! அவர்களிடம் எதைக் கேட்கக்கூடாது என்பது எமக்குத் தெரிந்திருந்தது. ஆமியைப் பற்றியோ இயக்கத்தைப் பற்றியோ கேட்பதில்லை. "அங்க மழையோ அம்மா?" என்போம். கேட்கிறவன் தூரத்தில் இருக்கிறான், பதில் சொல்கிறவரே அகப்படுவார் என்ற அறிவு அது. யாரும் சொல்லித் தந்ததல்ல.

அதே நாம், பெய்ஜிங் நண்பருக்கு வீசாட்டில் "உங்கள் அரசைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று எழுதத் துடிக்கிறோம். அவரது சிம் அவருடைய அடையாள அட்டையுடன் பதியப்பட்டது. 2019 டிசம்பர் முதல் புதிய சிம்முக்கு முகத்தையும் காட்டவேண்டும். எமது கணக்கு வெளிநாட்டு எண்ணில் இருக்கிறதே என்று ஆறுதல்படவும் இயலாது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளிநாட்டுக் கணக்குகளுக்கிடையே பரிமாறப்படும் படங்களும் ஆவணங்களும் ஆராயப்பட்டு, சீனக் கணக்குகளைத் தணிக்கை செய்வதற்குப் பயன்பட்டிருக்கின்றன. நாம் தங்கைக்கு அனுப்பும் ஒரு படம், முன்பின் தெரியாத ஒருவரின் வாயை மூட உதவலாம்.

அதற்காக ஊமையாகத் திரிவதா? அதையும் என்னால் ஏற்க இயலவில்லை. அவர் தானாகக் கேட்டால் எமது இணைப்பைப் பகிர்ந்து கொடுக்கலாம். நாமாக நீட்டக்கூடாது என்பதே என் எண்ணம். தன் ஆபத்தின் அளவு அவருக்குத்தான் தெரியும். மற்றதைத் தொலைபேசிகளை அறையில் வைத்துவிட்டு, பூங்காவில் நடக்கும்போது கதைக்கலாம். அதையும் அவர்தான் தொடங்கவேண்டும்.