பட்டா இல்லாத உயிருக்கு இழப்பீடு

பாலாற்றில் நீர்நாய் விடலாமா? ஆம்பூரில் கேட்டால், "முதல்ல தண்ணி விடுங்க சார், நாயை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நீர்நாய்க்கு வருடம் முழுக்க தண்ணீர் வேண்டும். நாளுக்கு ஒரு கிலோ அளவுக்கு மீன் வேண்டும். குட்டி போட வளை தோண்ட மண்கரையும், மறைந்துகொள்ள நாணலும் வேண்டும். காவிரியில் இவையெல்லாம் இன்னும் மிச்சமிருப்பதால் அங்கே அது வாழ்கிறது. பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். அந்த மணலையும் அள்ளியாயிற்று. மிச்ச ஈரத்தில் தோல் பதனிடும் உப்பும் குரோமியமும் கலந்திருக்கின்றன.

ஆனாலும் இந்தக் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. காரணம், 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மாசுபடுத்தியவர் இரண்டு கடன்களைத் தீர்க்க வேண்டும் என்றது அது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கெட்டுப்போன சூழலைச் சரிசெய்யும் செலவு. முதல் கடனுக்குக் கணக்கு போட முடிந்தது. 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று 2001-இல் ஓர் ஆணையம் நிர்ணயித்தது. நிலத்துக்குப் பட்டா இருந்தது, கேட்க ஆள் இருந்தது. அதற்கே இழுபறிதான். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது.

இரண்டாவது கடனை யார் வந்து கேட்பார்கள்? மீனுக்கும் நாரைக்கும் நீர்நாய்க்கும் மனு எழுதத் தெரியாது. கடன் கொடுத்தவர் வாரிசில்லாமல் செத்துப்போனால் கடன் தீர்ந்துவிட்டது என்று நம் ஊரில் மனசாட்சி உள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். ஆற்று விஷயத்தில் மட்டும் நாம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம்.

"தோல் ஷாப்பை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு, நீர்நாய் பெருசா போச்சா?" என்று கேட்கலாம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். கழிவைச் சரியாகக் கையாளாமல் மிச்சப்படுத்தும் காசுக்கு ஆறும் தொழிலாளியும் சேர்ந்தே விலை கொடுக்கிறார்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது அந்தக் காசை மிச்சப்படுத்துபவருக்குத்தான் வசதி.

அப்படியானால் கொண்டுவந்து விட்டுவிடலாமா? கூடாது, இப்போதைக்குக் கூடாது. சிங்கப்பூர் 1977 முதல் 1987 வரை தன் ஆற்றைச் சுத்தம் செய்தது. நீர்நாய் அந்தத் திட்டத்திலேயே இல்லை. 90-களில் அவை தாமாகவே வரத் தொடங்கின, இன்று நகரத்தின் நடுவே குட்டிகளோடு நீந்துகின்றன. இங்கிலாந்தில் 1983 முதல் வளர்ப்பு நீர்நாய்களை ஆறுகளில் விட்டார்கள். ஆனால் அவற்றைக் கொன்ற டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளுக்கு அதற்கு முன்பே கட்டுப்பாடு வந்திருந்தது. காவிரியில் நன்றாக வாழும் ஒரு குடும்பத்தைப் பிடித்து, குரோமியம் கலந்த குட்டையில் இறக்கி, போட்டோ எடுத்துக்கொள்வது நம் கடனுக்கு அதை வட்டி கட்ட வைப்பதாகும்.

ஆனால் "இப்போது கூடாது" என்பதை "எப்போதும் வேண்டாம்" என்று நாம் மாற்றிவிடக் கூடாது. சுத்திகரிப்பு அறிக்கையில் அளவுகளெல்லாம் சரியாக இருக்கின்றன என்று சொல்லும்போது, பதிலுக்கு நாம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: இந்தத் தண்ணியில ஒரு நீர்நாய் குட்டி போட்டு வளர்க்குமா?