காற்று வரும் வழி

ஐப்பசி, கார்த்திகையில் குளியலறைச் சுவரே சொல்லிவிடும். மேல்மூலையில் கரும்புள்ளிகள் படரும். காலையில் போட்ட துண்டு சாயங்காலமும் நசநசவென்றிருக்கும். வென்டிலேட்டரில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் இரைகிறது, காற்று போகவில்லை.

*

ஃபேனைக் கழற்ற சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பழைய வயரிங்கில் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பதுண்டு. ஃபேன் நின்றிருக்கும், வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். எம்.சி.பி.யை இறக்கவேண்டும். இறக்கும் முன்பே டெஸ்டரை ஒரு பிளக் பாயின்ட்டில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; இறக்கிய பின் ஃபேன் வயரில் வைத்து, எரியவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாதுதானே. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறலாம். இந்த நிதானத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். ஆகட்டும்.

*

கழற்றியதை நாளிதழ் விரித்து அதன்மேல் வைத்தேன். இறக்கைகளின் முன்விளிம்பில் தூசியும் முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளிபோல் திரண்டிருந்தன. ஷட்டர் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கையால் சுற்றினால் கரகரவென்றது. புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடியது. இத்தனை வருஷம் ஒரு வீட்டின் ஈரத்தையெல்லாம் வெளியே தள்ளிய இயந்திரம். அதைத் துடைத்துத்தான் பழைய இரும்புக்காரருக்கு எடுத்துவைத்தேன்.

*

கடைக்குப் போகுமுன் சுவர் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். 6 அங்குல ஃபேன் என்பது இறக்கையின் சுற்றளவைக் குறிக்காது, அதன் விட்டத்தைக் குறிக்கும். சட்டத்துக்கு அதைவிடப் பெரிய ஓட்டை வேண்டும். வயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றினால் ஈரத்தில் டேப்பின் பசை விட்டுப்போகும்; கனெக்டரில் திருகி முடுக்குவதே நல்லது. உலோக உடல் என்றால் பச்சை எர்த் வயரை விட்டுவிடக் கூடாது.

*

புதியது சத்தமில்லாமல் சுற்றியது. ஆனாலும் கண்ணாடியில் ஆவி கலையவில்லை. காரணம் ஃபேனில் இல்லை, கதவில் இருந்தது. எவ்வளவு காற்று வெளியே போகிறதோ அவ்வளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவடியில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டை அந்த வழியை அடைத்திருந்தது. அதை உரித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தை அங்கே பிடித்தபோது, அது உள்பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேனை ஒட்டியே ஜன்னல் திறந்திருந்தாலும் பயனில்லை. அதில் வந்த காற்று அப்படியே திரும்பிப் போய்விடும், தரையோரத்து ஈரம் அசையாது.

*

குளித்து முடித்த பிறகும் ஃபேன் கால் மணி நேரம் ஓடட்டும்.

இன்னொன்று. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைத்திருப்பவர்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். காற்று வர வழியில்லாத அறையில் எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தயவுசெய்து அந்தக் கீசரை வெளியே மாற்றிவிடுங்கள்.