பொன் கண்டவன் கடமை

கெடாத் தோட்டங்களில் பால்மரம் சீவி வளர்ந்த நமக்குப் பொன் அரிக்கும் தொழிலோடு சம்பந்தமில்லை. பகாங்கின் ரவூப்பில் 1889 முதல் ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி பொற்சுரங்கம் நடத்தியதையும், ஆற்று மணலைத் துலாங் என்னும் மரத்தட்டில் அலசுவோரையும் கேள்விப்பட்டிருக்கிறோம், அவ்வளவே. ஆயினும் பொன் தேடுவோருக்குள் எழும் ஒரு வழக்கு சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பொதுவானது. தான் கண்ட நன்மையைப் பிறனுக்குச் சொல்ல ஒருவன் கடமைப்பட்டவனா? ஒட்டுப்பாலுக்கு எக்கடையில் நல்ல விலை, எத்தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றறிந்தவன் அடுத்த லயத்தானுக்கு அதை மறைக்கலாமா?

கனடாவின் வடமேற்குக் கோடியான யூக்கானில் இவ்வழக்கு ஒருமுறை நன்றாகவே விசாரிக்கப்பட்டுவிட்டது. அங்குப் பொன் தேடியவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்களே. எனினும், பொன் கண்டவன் அதை ஒளிக்காமல் அறிவிக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாச் சட்டம். 1896-ஆம் வருடக் கோடையில் ராபர்ட் ஹெண்டர்சன் என்பவர் தாம் பொன் கண்ட ஓடையை ஜார்ஜ் கார்மாக் என்பவருக்குச் சொல்லி, வருமாறும் அழைத்தார். ஆனால் கார்மாக்கின் மனைவியின் உறவினரான டகிஷ் குடியினர் அங்கு வரலாகாது என்றார். பின்னர் அவர்கள் சென்றபோது, காசு கொடுத்தும் அவர்களுக்குப் புகையிலை விற்க மறுத்தார். கிணற்றில் வாளி போடாதே என்னும் குரலைக் கேட்டிருக்கும் நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில், ஆகஸ்டு 16-ல், கார்மாக் கூட்டத்தார் வேறோர் ஓடையில் ஏராளமான பொன்னைக் கண்டனர். கார்மாக் ஊரெல்லாம் அறிவித்தார். மலைக்கு அப்பால் இருந்த ஹெண்டர்சனுக்கு மட்டும் ஆளனுப்பவில்லை. அவர் செய்தி அறிவதற்குள் நல்ல நிலம் முழுவதையும் பிறர் பதிந்துகொண்டனர்.

கார்மாக் செய்தது நியாயமா? நியாயமென்று நாம் கூறமாட்டோம். வாங்கிய இரகசியத்துக்கு ஈடு செலுத்தாமை கடன் மறுப்பதேயாகும். ஆயினும் முதலில் பங்கீட்டை முறித்தவர் ஹெண்டர்சன். தோலின் நிறம் பார்த்துச் சிலருக்கு மட்டும் சொல்லப்படும் இரகசியம் பொதுவுடைமையன்று, அது சலுகை. சலுகை அளிப்பவன் பின்னர் உரிமை பேசினால் யார் செவிசாய்ப்பர்?

கார்மாக்கும் சுத்தமானவரல்லர். முதலில் பொன்னைக் கண்டவர் அவருடைய மைத்துனர் ஸ்கூக்கும் ஜிம்மே என்பது அக்குடியினரின் உறுதியான சாட்சி. ஆதிக்குடியானுக்குக் கண்டுபிடித்தவனுரிய பங்கைத் தரமாட்டார்கள் என்ற காரணம் காட்டி, கார்மாக் அதைத் தம் பெயரில் பதிந்துகொண்டார். ஹெண்டர்சனின் துவேஷத்தைக் கண்டு கோபித்தவரே ஊராரின் துவேஷத்தால் லாபமடைந்தார்! ஹெண்டர்சனுக்குப் பிற்காலத்தில் அரசாங்கம் உபகாரச் சம்பளம் வழங்கிற்று. 1916-ல் காலஞ்சென்ற ஜிம்மோ, தம் பொருளின் ஒரு பகுதியை யூக்கான் ஆதிக்குடிகளின் நலத்துக்கென நிதியாக எழுதிவைத்தார்.