அரைச் சுற்று

பால்கனித் தரைக்குக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார், மழைத்தண்ணீர் தேங்காமல் மூலைக் குழாய்க்கு ஓடட்டும் என்று. அந்த வாட்டம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாது, மேசையின் நாலு காலுக்கும் தெரியும். கூடத்துச் சமதளத்தில் வைத்து இறுக்கிய மேசை வெளியே வந்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும். பால்கனிச் சாமானைப் பால்கனியிலேயே பூட்டுவதுதான் சரி. நாலடி அகலம். அதில் ஏசியின் வெளிப்பெட்டி, துளசித் தொட்டி, கொடிக்கயிறு போக மிச்சமுள்ள இடத்தில் குந்தி உட்கார்ந்து.

*

முதலில் எதையும் இறுக்கக் கூடாது. எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, ஆடுகிற நிலையிலேயே விட்டுவிட வேண்டும். துளைகள் போல்ட்டைவிட இம்மியளவு பெரிதாகத்தான் போடப்பட்டிருக்கும். அந்த இம்மி நமக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. ஒரு மூலையை அவசரப்பட்டு முறுக்கினால் சலுகை அங்கேயே தீர்ந்துபோகும். கோணல் மொத்தமும் கடைசித் துளைக்கு வந்து சேரும். போல்ட்டு உள்ளே போகாது. குறை சொல்லித் தொழிற்சாலையைத் திட்டுவோம்.

நாலு காலும் தரையைத் தொட்ட பிறகு, எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. மறுபடி அரைச் சுற்று.

*

மரை பிடிப்பதற்கு ஒரு வழி. முதலில் போல்ட்டைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் 'டக்' என்று மெல்ல இறங்கும். அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் வழுக்கிக்கொண்டு போகும். இடம் தெரியாமல் அழுத்தித் திருகியவர்களுக்குத்தான் மரை கெடுகிறது.

*

மைக்கேல் தோனெட் 1859-இல் வியன்னாவில் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியை இந்த வேலையின்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நீராவியில் வளைத்த பீச் மரம். ஆறு பாகங்கள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள், அவ்வளவே. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். காபிக்கடைகளுக்காக உலகெங்கும் கப்பலேறிய அழகு அது. காற்றை ஏற்றிக்கொண்டு போகக் கப்பல் வாடகை கொடுப்பானேன் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. நம் வீட்டு வாசலுக்கு வருகிற தட்டைப் பெட்டிக்கும் அதே கணக்குதான்.

*

பூட்டவே வேண்டாத பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, மலிவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், மழைக்கும் அஞ்சாது. ஆனால் வெயிலில் வெளுத்து ஒரு காலில் விரிசல் விட்டால் முழு நாற்காலியும் போயிற்று. போல்ட்டால் நிற்கிற சாமானில் ஒரு காலை மட்டும் மாற்றலாம். எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

*

பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடலைப் பார்த்த வீடென்றால் உப்புக் காற்றை மறக்கக் கூடாது. பூச்சு கீறிய இடத்தில் இரும்பு துருவேறும். எவர்சில்வரிலும் ரகம் உண்டு. மாலிப்டினம் கலந்த 316, சாதாரண 304-ஐவிட உப்பைத் தாங்கும். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் போல்ட்டு நேராகப் பட்டால், ஈரத்தில் அலுமினியம்தான் அரித்துப்போகும். இடையே நைலான் வாஷர் ஒன்று போட்டால் அரிப்பு குறையும். சில ரூபாய்ச் சாமான். பெட்டிக்குள் பெரும்பாலும் இருக்காது.

*

மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஐப்பசி மழையில் உப்பி போல்ட்டின்மேல் நசுங்கிய மரம், சித்திரை வெயிலில் சுருங்கியதும் பிடி தளர்ந்து ஆடும். இது யாருடைய குற்றமுமில்லை. கோடை வந்ததும் மேசையை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, தேவைப்பட்ட மூலைக்கு மட்டும் கொஞ்சம் முறுக்கினால் தீர்ந்தது. ஆலன் கீ சமையலறை டிராயரில் கரண்டிகளோடு கிடக்கிறது. வெளியே வைத்தால் அதுவும் துருப்பிடிக்கும்.