அடுத்த ரீல் வரும் வரை

எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒரு ரீல் ஓடி முடிந்ததும் திரை வெளுத்துப் பிறகு இருண்டுவிடும். ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டி, கார்பன் குச்சிகளை நெருக்கி வைத்து ஒளி பிடிக்கும்வரை, தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்திருப்போம். முறுக்குக் கூடை நடுவில் வந்து போகும். கைக்குழந்தைகள் சிணுங்கும். யாரும் எழுந்து வீட்டுக்குப் போனதில்லை.

போன வாரம் ஒரு கோடு போட்ட நோட்டில், 1980 முதல் 1989 வரை வருடத்துக்கு ஒன்றாக எனக்குப் பிடித்த தமிழ்ப் படங்களை எழுதினேன். தரவரிசை எதுவும் இல்லை. அந்த வருடத்தை மனதில் சொல்லிக் கண்ணை மூடினால் எந்தப் படம் முதலில் வந்து நிற்கிறதோ, அது. எழுதி முடித்து மேலிருந்து கீழே வாசித்தபோதுதான் கவனித்தேன். பத்துப் படத்திலும் யாரோ ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அதைப் பற்றி இந்தக் குறிப்புகள்.

1980: நெஞ்சத்தைக் கிள்ளாதே

மகேந்திரன் படம். கேமரா உதவியாளராக இருந்த சுஹாசினி நடிக்க வந்த முதல் படம். அசோக்குமாரின் ஒளிப்பதிவுக்கும் ராமநாதனின் ஒலிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது. ஒலிக்குக் கிடைத்த விருதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். காலைப் பனியில் ஒருவனும் ஒருத்தியும் ஓடுகிறார்கள். அந்தக் காலடிச் சத்தமே இளையராஜாவுக்குத் தாளமாகிவிடுகிறது. பின்னால் வேறொரு வீட்டில் வேறொருவனுக்கு அவள் மனைவி. பிரதாப் போத்தன் நடித்த அந்தக் கணவன், அவள் மனம் தன் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருக்கிறான். சின்ன வயதில் அவனை ஏமாளி என்று நினைத்தேன். ஒரு வீட்டுக்குள் இன்னொருவர் மனதுக்கு இடம் விட்டு வாழ்வது எத்தனை பெரிய வேலை என்று பிறகுதான் புரிந்தது.

1981: தண்ணீர் தண்ணீர்

கோமல் சுவாமிநாதனின் நாடகம் பாலசந்தர் கையில் படமானது. அத்திப்பட்டி என்ற ஊர் மழைக்குக் காத்திருக்கிறது, அதிகாரிக்குக் காத்திருக்கிறது, மனுவுக்குப் பதில் வரும் என்று காத்திருக்கிறது. ஓடி ஒளிந்து வந்த ஒருவன் வண்டி கட்டித் தூரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறான். ஊரே திரண்டு கால்வாய் வெட்டப் போகும்போது அரசாங்கம் வந்து தடுக்கிறது. செவந்தியாக சரிதா. தாகத்துக்கு முன்னால் ஒரு முகம் எப்படி இறுகும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

அம்மாவோடு பார்த்த படம் இது. திரும்பி வரும்போது தெருக்குழாயடியில் விடியற்காலைத் தண்ணீருக்கு இரவே வரிசை போட்டிருந்தார்கள். பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், ஈயம் பூசிய அண்டா. குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். அம்மா நின்று எங்கள் குடம் எத்தனையாவது என்று எண்ணிப் பார்த்துவிட்டு நடந்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

1982: மூன்றாம் பிறை

பாலு மகேந்திராவே எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கியது. கமல்ஹாசனுக்கு நடிப்புக்காகவும் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்காகவும் தேசிய விருது. 1981 அக்டோபரில் காலமான கண்ணதாசன் கடைசியாக எழுதிய பாட்டு இந்தப் படத்தில்தான் இருக்கிறது. ஒரு தாலாட்டு அது.

நீலகிரி மலை ரயில் பாதையில் கேத்தி ஸ்டேஷன். நினைவு திரும்பிய விஜி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். மழையிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து வந்த சீனு, அவள் நினைவிழந்து குழந்தையாக இருந்தபோது சிரித்த அதே குரங்கு வித்தையைக் காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியம். ரயில் போய்விடுகிறது. காத்திருப்பவனை அடையாளம் தெரியாமல் போவது, வராமல் இருப்பதைவிடக் கொடுமை. ஸ்ரீதேவியின் கண்ணில் அந்த நேரத்தில் இரக்கம்கூட இருக்கிறது. அதுதான் தாங்கமுடியாமல் போகிறது.

1983: முந்தானை முடிச்சு

சிரித்துச் சிரித்துப் பார்த்த படம். முருங்கைக்காய்க்கு அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் வேறொரு அர்த்தமே வந்துவிட்டது. ஆனால் எனக்குப் படம் நிற்பது ஒரு பொய்ச் சத்தியத்தில். கைக்குழந்தையோடு வந்த வாத்தியாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று, ஊர் பார்க்க அந்தக் குழந்தையைத் தாண்டிப் பொய்யாகச் சத்தியம் செய்கிறாள் பரிமளம். கல்யாணம் நடக்கிறது, கணவன் மனம் இறங்கவில்லை. அந்தப் பொய்க்கான கடனை அவள் ஒவ்வொரு நாளாகக் கட்டுகிறாள். கடைசியில் தனக்கென்று ஒரு பிள்ளையே வேண்டாம் என்று ஆபரேஷனுக்குத் துணிகிறாள். பாக்யராஜ் சிரிக்கவைத்துக்கொண்டே ஒரு பிராயச்சித்தக் கதையைச் சொல்லி முடித்திருக்கிறார். ஊர்வசிக்கு அப்போது பள்ளிக்கூட வயசு என்பதை நினைத்தால் இன்றும் வியப்பு.

1984: அச்சமில்லை அச்சமில்லை

மறுபடியும் பாலசந்தர், மறுபடியும் சரிதா. கொள்கையுள்ள இளைஞன் என்று நம்பி உலகநாதனைக் கட்டிக்கொள்கிறாள் தேன்மொழி. தேர்தல் வருகிறது, பதவி வருகிறது. அவன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிறான். பழைய ஆள் திரும்பி வருவான் என்று அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சுதந்திர தின மேடையில் மாலைக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு போகிறாள். காத்திருப்பு தீர்ந்துபோன ஒரு மனுஷி என்ன செய்வாள் என்ற கேள்வி இந்தப் பத்தில் இந்த ஒரு படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் பட்டியலிலிருந்து எடுக்க முடியவில்லை.

1985: முதல் மரியாதை

சாகக் கிடக்கிறார் மலைச்சாமி. சொந்தபந்தம் சூழ்ந்து நிற்கிறது. உயிர் அடங்கவில்லை. யாரையோ எதிர்பார்க்கிறது. எங்கள் பக்கத்தில் இதைச் சாதாரணமாகச் சொல்வார்கள்: ‘உசிரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, யாரையோ தேடுது.’ அந்த ஒரு வழக்குச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கையை பாரதிராஜா விரித்துக் காட்டினார்.

இளவட்டக்கல்லைத் தூக்கும் காட்சியை மட்டும் பலமுறை பார்த்திருக்கிறேன். வயசான மனுஷர், யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, மூச்சுக் கட்டித் தூக்குகிறார். எத்தனையோ மேடையில் முழங்கிய சிவாஜி, இந்தப் படத்தில் குரலை இறக்கி, தோளைத் தளர்த்தி, பாதி வசனத்தைக் கண்ணிலேயே முடித்துக்கொள்கிறார். குயிலாக ராதா; குரல் ராதிகாவுடையது. ஒருத்தியின் முகமும் இன்னொருத்தியின் குரலும் சேர்ந்துதான் அந்தக் குயில்.

1986: மௌன ராகம்

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்துக்கு மனுப்போடக் கூடாது என்கிறது இந்து திருமணச் சட்டம். அந்த ஒரு வரிச் சட்டத்தில் மணிரத்னம் ஒரு முழுப் படத்தைக் கட்டினார். பிரியப்போகிற இருவர் டெல்லியில் ஒரு வீட்டில் நாள் கடத்த வேண்டும். சட்டம் போட்ட காத்திருப்பு, மெல்ல மெல்ல மனசின் காத்திருப்பாக மாறுகிறது. பி.சி. ஸ்ரீராமின் ஒளி ஜன்னல் வழியாக வந்து அவர்களுக்கு நடுவில் விழுகிறது. இங்கேயும் கடைசியில் ஒரு ரயில் ஸ்டேஷன். கேத்தியில் போய்விட்ட ரயிலை, நான்கு வருடம் கழித்து டெல்லியில் யாரோ நிறுத்திக் கொடுத்ததுபோல எனக்கு இருந்தது.

1987: நாயகன்

தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டார் தோட்டா தரணி. கலை இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு மூன்றுக்கும் தேசிய விருது. ‘டைம்’ பத்திரிகை 2005-ல் வெளியிட்ட நூறு படப் பட்டியலிலும் இது இருக்கிறது.

எனக்கு விபச்சார விடுதியின் அந்த அறைதான். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் என்று கேட்கிறாள் அந்தப் பெண். வேலு நாயக்கர் அவளைத் தொடாமல் படிக்க விடுகிறார். படத்தின் இன்னொரு ஓரத்தில் வேறொரு குழந்தை வளர்கிறது. வேலு கொன்ற போலீஸ் அதிகாரியின் மகன். வேலுவின் நிழலிலேயே வளர்கிறான். தீர்ப்புக்குப் பிறகு கோர்ட் வாசலில் ஊரே காத்துநிற்கும்போது அவனும் நிற்கிறான், துப்பாக்கியோடு. அன்பாகக் காத்திருந்த கூட்டத்தை மட்டுமே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

1988: வீடு

இதை எந்த வருடத்தில் எழுதுவது என்று தடுமாறினேன். விருது 1987-க்கானது, திரைக்கு வந்தது 1988. நான் பார்த்தது அதற்கும் பிறகு, தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாநில மொழிப் படங்களில் தமிழின் முறை வருவதற்குப் பல வாரம் ஆகும். வந்தால் பக்கத்து வீட்டுக் கூடம் நிறைந்துவிடும்.

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சுதா கடன் வாங்கி, சின்ன மனையில் ஒரு வீடு கட்ட ஆரம்பிக்கிறாள். காண்டிராக்டர் சிமெண்டைக் கடத்துவதைச் சித்தாள் மங்கம்மா காட்டிக்கொடுக்கிறாள். பாதி எழும்பிய அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் குடையோடு கிளம்புகிறார். பூசாத செங்கல் சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். கூரைக்குக் கீழே நிற்கிறார். திரும்பி வந்து சேருவதற்குள் போய்விடுகிறார். சொக்கலிங்க பாகவதர் அந்தச் சுவரைத் தொட்ட விதத்தை, எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய அன்று அப்பாவிடம் பார்த்தேன். முடிவில் அந்த இடமே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரிகிறது. சுதா கோர்ட்டில் காத்திருக்கிறாள். படம் அங்கேயே நின்றுவிடுகிறது.

1989: சந்தியா ராகம்

‘வீடு’ எடுத்த அதே பாலு மகேந்திரா, அதில் சுதாவாக நடித்த அதே அர்ச்சனா, தாத்தாவாக நடித்த அதே பாகவதர். மனைவி போன பிறகு கிராமத்திலிருந்து சென்னைக்கு வருகிறார் பெரியவர். உறவுக்காரப் பையனின் வீடு சின்னது, சம்பளமும் சின்னது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு வாய் கூடினால் மாசக் கடைசி முன்னாலேயே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பெரியவர் தானாகவே முதியோர் இல்லத்துக்குப் போகிறார். குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்று இதற்குத் தேசிய விருது கொடுத்தார்கள். இந்தப் படத்தில் காத்திருப்புக்கு எதிரே எதுவுமே இல்லை. மழை, ரயில், தீர்ப்பு, எதுவும் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கிறார்.

பட்டியலை மூடியபின்

இந்தப் பத்து வருடத்தில் நான் விசிலடித்துப் பார்த்த படங்கள் எத்தனையோ. அவை நோட்டுக்கு வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் இவர்கள்தான். ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கொட்டகை இருட்டில் எங்களுக்கு ஓர் உறுதி இருந்தது. ஆபரேட்டர் அறையின் சின்ன ஓட்டையில் வெளிச்சம் தெரியும். உள்ளே ஓர் ஆள் வேலை செய்கிறார், அடுத்த ரீல் வரும். அதனால்தான் யாரும் எழுந்து போகவில்லை. செவந்திக்கும் சீனுவுக்கும் சுதாவுக்கும் அந்த வெளிச்சம் தெரியவில்லை. தெரியாமலேயே அவர்களும் எழுந்து போகவில்லை.

அன்று குழாயடியில் குடத்தை எண்ணிவிட்டுப் பேசாமல் நடந்தாளே அம்மா, அவளுக்கு அந்தப் படம் முன்பே தெரிந்திருக்கிறது. விடிந்ததும் அவள் போனாள். எங்கள் குடம் பதினோராவது. ஒன்பதாவது குடத்தோடு தண்ணீர் நின்றுவிட்டது. அன்று இரவும் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வந்தாள்.