எண்ணாமல் அறிந்த எண்

(அரிப்புக் கடற்கரை. பின்னால் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். குரு ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சீடன் உயர்தர மாணவன்.)

சீடன்: ஐயா, 1905-இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்புச் சலாபத்தில் எட்டுக் கோடி அளவில் சிப்பி எடுத்தார்களாம். எவ்வளவு பெரிய எண்!

குரு: பெரியதுதான். குளியாளுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் அரசுக்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். காசு கைமாறும் இடத்தில் எண்ணாமல் விடுவார்களா? ஆனால் அந்தத் தொகைக்கென்று ஒரு குணம் கிடையாது. காற்று கொஞ்சம் முந்தித் திரும்பியிருந்தால் ஏழு கோடியோடு நின்றிருக்கும்.

சீடன்: எண்ணுக்குக் குணமா? பெரிது, சிறிது என்பதைத் தவிர வேறென்ன?

குரு: அந்த நாலு சிப்பியை எடு. எத்தனை விதமாகக் குவிக்கலாம்? எந்தச் சிப்பி எங்கே என்பது வேண்டாம். குவியலின் அளவு மட்டும்.

சீடன்: நாலும் ஒன்றாக. மூன்றும் ஒன்றும். இரண்டும் இரண்டும். இரண்டு, ஒன்று, ஒன்று. பிறகு நாலும் தனித்தனியாக. ஐந்து விதம்.

குரு: ஒன்பது சிப்பிக்கு 30. பதினாலுக்கு 135. பத்தொன்பதுக்கு 490.

சீடன்: எல்லாம் ஐந்தால் வகுபடுகிறதே!

குரு: இராமானுஜன் கண்ணிலும் அதுதான் பட்டது. மக்மகோன் என்ற பீரங்கிப்படை மேஜர் 200 வரை கையால் கணித்துப் பட்டியல் போட்டிருந்தார், 200-க்கு 3,972,999,029,388. அதைப் பார்த்த இராமானுஜன், 4-இலோ 9-இலோ முடியும் எந்த எண்ணை எடுத்தாலும் விடை ஐந்தால் வகுபடும் என்று 1919-இல் வெளிவந்த கட்டுரையில் நிறுவினார்.

சீடன்: எந்த எண்ணுமா? அத்தனையையும் யார் பிரித்துப் பார்த்தது?

குரு: ஒருவரும் இல்லை. 199-க்கு விடை 3,646,072,432,125. நொடிக்கு ஒரு விதமாகப் பிரித்துக் காட்டினாலும் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம் ஆண்டு போய்விடும்.

சீடன்: கடைசி இலக்கம் 5. அதைப் பார்த்தாலே தெரியுமே, ஐயா.

குரு: மக்மகோன் கணித்துத் தந்தபடியால் தெரிகிறது. சரி, உன் சலாபத்துக்கே வருவோம். 79,999,999 சிப்பி என்று வை. விடைக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான இலக்கங்கள் வரும். இது ஹார்டியும் இராமானுஜனும் 1918-இல் தந்த சூத்திரம் சொல்வது. அந்த எண்ணை நான் கண்டதில்லை. ஆனால் அது 0-இல் முடியும், அல்லது 5-இல் முடியும். சத்தியம் பண்ணுவேன்.

சீடன்: காணாததற்குச் சத்தியமா? யாரும் எழுதாத எண்ணை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

குரு: இப்படிக் கேள். 1905-இன் தொகை வேறாக இருந்திருக்கலாமா?

சீடன்: இருந்திருக்கலாம். நீங்களே சொன்னீர்கள்.

குரு: இது?

சீடன்: ...முடியாது.

குரு: சலாபத் தொகை நடந்தது. சலாபம் நின்றது, தொகை ஏட்டோடு போயிற்று. மற்றது நடக்கவே இல்லை. கடல் வற்றினாலும் ஐந்தால் வகுபடும். இரண்டில் எதை 'இருக்கிறது' என்பது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். தத்துவம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சீடன்: அப்படியானால் எல்லாப் பகா எண்ணுக்கும் இந்த மாதிரி விதி இருக்க வேண்டுமே?

குரு: அங்கேதான் சறுக்கும். 7-க்கு உண்டு: ஐந்து சிப்பிக்கு 7, பன்னிரண்டுக்கு 77, இப்படி ஏழேழாகக் கூட்டிப் போகலாம். 11-க்கும் உண்டு. 13-க்கு இல்லை. இவ்வளவு எளிய விதி வேறு எந்தப் பகா எண்ணுக்கும் இராது என்பது இராமானுஜனின் ஊகம். அல்கிரனும் பாய்லனும் 2003-இல்தான் அதை நிறுவினார்கள்.

சீடன்: ஏன் பதினொன்றோடு நிற்கிறது?

குரு: அந்த நிறுவலுக்கு உன் உயர்தரக் கணிதம் காணாது. முதலில் ஒன்பது சிப்பிக்கு முப்பது விதத்தையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வா.