களை பிடுங்குவதும் கைங்கரியமா?

மம்சாபுரத்தில் வீட்டுத் தோட்டத்தில் சரளைக்கல் முற்றம் போடுவது பெரிய வித்தை அல்ல. 4 அங்குலம் மண்ணை வெட்டியெடுத்து, திமிசால் இறுக்கி, ஓரத்தில் செங்கல் பதித்துச் சரளையைப் பரப்பினால் முடிந்தது. தலைவலி அதற்குப் பிறகுதான். கற்களின் இடுக்கில் தூசி படியும். அடுத்த மழைக்குக் கோரை தலைகாட்டும். மேலே கிள்ளினால் அடிக்கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

முடிவே இல்லாத இந்த வேலைக்கு என்ன பலன்?

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து வடபத்ரசாயிப் பெருமாளுக்கு மாலை கட்டினார். இன்று கட்டியது நாளை வாடும், தெரிந்தேதான் கட்டினார். 7-ஆம் நூற்றாண்டின் அப்பர் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். எத்தனையோ பதிகம் பாடியவருக்குச் சிலைகளில் அடையாளம் என்னவோ புல் செதுக்கும் உழவாரம்தான்!

ஜப்பானில், கியோட்டோவின் ரியோவான்ஜி ஜென் கோயிலில் 15 பாறைகளைச் சுற்றி வெள்ளைச் சரளை. துறவிகள் அதை வரிவரியாக வாருகிறார்கள். ஜென் மரபில் வாருவதே தியானம், யாருக்காக என்ற கேள்வியே எழாது. வைணவத்தில் கைங்கரியம் என்னும் தொண்டுக்கு அதுதான் முதல் கேள்வி: யாருடைய உகப்புக்காக? களை பிடுங்குவது முற்றத்தில் வெறுங்காலோடு ஓடப்போகும் பேரப்பிள்ளைக்காக என்றால் பெரியாழ்வார் மறுத்திருக்க மாட்டார். கண்ணனையே குழந்தையாக்கித் தாலாட்டியவர்தானே அவர்.